உப்புக்கோட்டையில் ஓய்வில்லை

"களைச்சுப் போனால் என்ன செய்யிறது?" என்று துஷாந்தினி கேட்டாள்.

"கூடாரம் அடிச்சுப் படுக்கலாம்," என்றான் சிவதர்ஷன். "விடிய எழும்பினால் காயம் மாறியிருக்கும். முடிஞ்ச மந்திரம் எல்லாம் திரும்பி வந்திருக்கும்."

"எல்லாமோ?"

"எல்லாம்தான். அதுதான் உந்த விளையாட்டிலை எனக்குப் பிடிச்சது."

"அப்ப எனக்கும் ஒரு ஆளைத் தாங்கோ. வெட்டுக்குத்துக்குப் போற ஆள் வேண்டாம்."

இரண்டு வருடங்களுக்கு முன்பு ரயிலில் நடந்த பேச்சு அது. பிள்ளை வேண்டி கொழும்பில் செய்த சிகிச்சை முதல் தடவை சரிவராமல், இருவரும் சாவகச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆனையிறவு கடக்கும்வரை அவள் அழுதபடி வந்தாள். அவளைத் தேற்றத்தான், ரொறொன்ரோவிலிருந்து மச்சான் அனுப்பிய விளையாட்டுப் பெட்டியைப் பற்றி அவன் கதைக்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை போய் வந்துவிட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் போக வேண்டும். ஊசி மருந்து குளிர்சாதனப் பெட்டியில் தயாராக இருந்தது.

துஷாந்தினிக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு வருடம் இதையெல்லாம் நிறுத்தி வைக்க வேண்டும். வீங்காத வயிறோடு, நாள் எண்ணாமல், சாதாரண மனுஷியாக ஒரு வருடம். ஆனால் அதை அவனிடம் கேட்க வாய் வரவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எப்போதோ கேட்டிருப்பாள். ஊசியை அவனேதான் போட்டுவிடுவான். நோகக்கூடாதென்று முதலில் தன் உள்ளங்கையால் அந்த இடத்தைச் சூடாக்குவான். "குறை அவளிலைதான்" என்று சொன்ன தன் பெரியம்மாவின் வீட்டுப் படியை அவன் இன்றுவரை மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவனிடம் போய், எனக்குப் போதும் என்று எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிறு பின்னேரமும் வழக்கம்போல நாலு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தார்கள். சிவதர்ஷன்தான் கதையை நடத்துகிறவன். குகையில் என்ன இருக்கிறது, பேய் எந்தப் பக்கத்தால் வருகிறது என்றெல்லாம் அவன் சொல்வான். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறது என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். அவனுடைய தம்பி கஜீபன் நெருப்பு மந்திரவாதி. துஷாந்தினியோடு நீதிமன்றத்தில் வேலை செய்யும் றஜிதா வில்லுக்காரி. துஷாந்தினி காயம் ஆற்றுகிற வைத்தியச்சி.

கஜீபனால்தான் சிக்கல் தொடங்கியது. முதல் அறையிலேயே தன்னிடம் உள்ள நெருப்பையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, "சரி, படுப்பம்" என்பான். எழும்பியதும் அடுத்த அறையில் அதையே செய்வான். பேய்கள் பாவம், சண்டைக்கு முன்னமே சாம்பல். இதைப் பொறுக்காமல் சிவதர்ஷன் உப்புக்கோட்டை என்ற இந்தப் புதுக் கதையில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தான். மேசையில் தாயம் போடுகிற சோகிச் சிப்பிகளை வரிசையாக வைத்தான். ஒரு தடவை படுத்தால் ஒரு சோகி போகும். உப்புக்கோட்டையின் ஆக அடியில் ஒரு பிள்ளையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். சோகி முடிந்தால் உப்பு அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே ஏறிவிடும்.

இப்போது ஒரு சோகிதான் மிச்சம்.

"நாங்கள் படுக்க வேணும்," என்றாள் துஷாந்தினி. "என்னட்டை ஒரு மந்திரமும் இல்லை."

"படுத்தால் பிள்ளை செத்திடும்," என்றான் சிவதர்ஷன்.

"படுக்காமல் போனால் நாங்கள் சாவம்."

"அண்ணி, உங்களுக்கு என்ன களைப்பு?" கஜீபன் றோல்ஸைக் கடித்தபடி கேட்டான். "முன்னாலை நிண்டு எரிச்சது முழுக்க நான். நீங்கள் பின்னாலை நிண்டு தைலம் பூசினனீங்கள்."

"ஆருக்குப் பூசினனான்? உமக்குத்தானே? கதவைத் தட்டாமல் உள்ளுக்கை பாய்ஞ்சு, எல்லாப் பேயிட்டையும் கடி வாங்கினது நீர்."

"அது வீரம், அண்ணி."

"உது விசர்," என்றாள் றஜிதா. "உன்னை ஆத்தித்தான் அக்கா களைச்சுப் போனா. அண்ணை, நானும் படுக்கிற கட்சிதான்."

சிவதர்ஷன் அசையவில்லை. "நெடுகப் படுத்துக்கொண்டிருந்தால் உதிலை என்ன கதை இருக்கு? தோப்பம் எண்ட பயம் இருந்தால்தான் வெல்லுறதிலை ருசி. வடக்கு வாசலிலை சத்தம் கேக்குது. என்ன செய்யிறியள்?"

"நான் நிலத்திலை இருக்கிறன்," என்றாள் துஷாந்தினி.

"என்ன?"

"என்ரை ஆள் நிலத்திலை இருக்கிறா. சுவரிலை சாய்ஞ்சு இருக்கிறா."

"பேய் வருகுது எண்டு சொல்லுறன்."

"வரட்டும்."

கஜீபன் சிரித்தான். "அண்ணை, அண்ணி ஸ்ரைக் பண்ணுறா. சங்கம் வைச்சிருக்கிறா போலை."

"நீ வாயை மூடு," என்றான் அண்ணன். அவன் காது சிவந்திருந்தது. மனைவியின் பக்கம் திரும்பி, மாணவிக்குக் கணக்கு விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னான்: "உமக்கு வழி இருக்கு. மந்திரம் முடிஞ்சாலும் வைத்தியச்சி தன்ரை உயிரிலை இருந்து எடுத்துக் குடுக்கலாம். உம்மட்டை இன்னும் உயிர் கிடக்குத்தானே?"

துஷாந்தினி கையில் இருந்த பகடையை மேசையில் வைத்தாள். அவசரமில்லாமல்தான் வைத்தாள்.

"அந்தப் பிள்ளையை அங்கை கட்டி வைச்சது ஆர்?" என்று கேட்டாள்.

"கோட்டையிலை இருக்கிற அரக்கன்."

"அரக்கன் இல்லை. நீங்கள். கதை எழுதினது நீங்கள். ஒரு கிழவனை வைச்சிருக்கலாம், ஒரு பெட்டி பொன்னை வைச்சிருக்கலாம். ஏன் பிள்ளை?"

உண்மையில் அவன் அதை யோசித்திருக்கவில்லை. எழுதும்போது தானாக வந்த பிள்ளை அது. யோசிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தால் அன்றைய பின்னேரம் வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் தம்பிக்கு முன்னால், வெளி ஆளான றஜிதாவுக்கு முன்னால் கேட்ட கேள்வி. அவனுக்குக் கொதி வந்தது.

"விளையாட்டை விளையாட்டா எடும். எல்லாத்தையும் கொண்டுபோய் அதோடை முடிச்சுப் போடாதையும்."

"எதோடை?"

"உமக்குத் தெரியும்."

"தெரியேல்லை. சொல்லுங்கோ."

"செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போகவேணும் எண்ட ரென்சன் அண்ணிக்கு," என்றான் கஜீபன். சண்டையைச் சிரிப்பாக்கித் தணிக்கத்தான் நினைத்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. "ஏன் அண்ணை, அங்கையும் இப்பிடித்தான் நிலத்திலை இருந்து றெஸ்ற் கேக்கிறாவோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. றஜிதா மேசைக்குக் கீழே அவன் காலை உதைத்தது எல்லோருக்கும் கேட்டது.

அந்த இடத்தில் சிவதர்ஷன் தம்பியை ஏசியிருக்கலாம். கோபம் அவனை மற்றப் பக்கம் திருப்பிவிட்டது.

"முப்பத்தெட்டு வயதிலை ஆர் றெஸ்ற் குடுக்கிறது?" என்றான்.

சொன்ன கையோடு அவன் முகம் வெளிறியது. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. வெளியே கண்டி வீதிப் பக்கம் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கஜீபன் கடித்த றோல்ஸை விழுங்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் போட்டு வாறன் அக்கா," என்று றஜிதா கைப்பையை எடுத்தாள்.

"இரும் றஜிதா. ஒருத்தரும் எழும்ப வேண்டாம்."

துஷாந்தினியின் குரல் உயரவில்லை. இவ்வளவு நாளும் இருவரும் தனியே இருக்கும்போதுதான் கேட்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். தனியே இருக்கும்போதெல்லாம் அவனுடைய உள்ளங்கைச் சூடு அவளைப் பேசவிடாமல் செய்தது. இப்போது அந்தக் கை மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தது. கோபம் அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

"கணக்குச் சொன்னீங்கள், சரி. என்ரை வயது எனக்கும் தெரியும்," என்றாள். "அந்த வயதோடைதான் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டிலிலை படுக்கிறன். போன முறை மயக்கம் தெளிஞ்சு கண் முழிக்க, நீங்கள் டொக்டரிட்டை அடுத்த திகதி கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள். எனக்குத் தண்ணி விடாய்ச்சது. உங்களைக் கூப்பிடேல்லை. திகதி எடுத்துக்கொண்டு வரட்டும் எண்டு பேசாமல் கிடந்தன்."

"துஷா..."

"பொறுங்கோ. நான் இன்னும் கேக்கேல்லை."

அவன் பொறுத்தான். கஜீபன் எழும்பிப் போகப் பார்த்தான், அண்ணியின் பார்வை அவனைத் திரும்ப இருத்தியது. இவன் வாயால்தானே இது இந்த மேசைக்கு வந்தது, இவனும் இருந்து கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"உங்களிலை எனக்குக் கோபம் இருக்கு, இப்ப நல்லாவே இருக்கு," என்றாள். "கோபத்திலை கதைக்கிறன் எண்டு நினைச்சுப் பிறகு தட்டிக் கழிக்க வேண்டாம். ரண்டு வருசமாத் தொண்டைக்குள்ளை வைச்சிருக்கிறன். செவ்வாய்க்கிழமை நான் வரமாட்டன். ஊசி வேண்டாம், ஸ்கான் வேண்டாம், திகதி வேண்டாம். ஒரு வருசம் என்னை விடுங்கோ. பிள்ளையைப் பற்றி ஒண்டும் கதைக்காமல், ஒரு வருசம் என்னோடை சும்மா இருங்கோ."