பெட்ரி அம்மாவின் இரண்டாவது கல்யாணம்

ரெவரெண்ட் ஆர்ச்சிபால்ட் பெட்ரியின் மனைவி ஐசோபெல் மலேரியாவில் இறந்து, வியாழக்கிழமை அடக்கமாகி, அடுத்த திங்கட்கிழமை காலை வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அந்த வாரம் கஸேன்ஜே சந்தையில் உப்பு கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவின் நியாசா ஏரியில் உப்புக் கப்பல் எங்கோ தரைதட்டி நின்றிருந்தது. ஊரில் உப்பைப் பற்றித்தான் முதல் பேச்சு, அம்மா திரும்பிய சங்கதி அதற்கு அடுத்தபடிதான். புதைத்தபோது உடுத்திவிட்ட சாம்பல் நிற ஞாயிற்றுக்கிழமை கவுனோடு, விளிம்பெல்லாம் செம்மண்ணாக, அவள் பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் வந்தாள். சமையற்காரன் சுஸ்கோ லோங்வே மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அவள் அடுப்பின் மேலிருந்த பானையைப் பார்த்தாள்.

"சுஸ்கோ, யாரு இதை இப்படிக் கரி பிடிக்க விட்டது?"

"நீங்க இல்லாத நேரத்துல நடந்ததும்மா," என்றான் சுஸ்கோ. அவள் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சுஸ்கோவைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

பாதிரியாருக்கு அப்படி முடியவில்லை. அவர் தன் அறையில் உட்கார்ந்து, மறுகரையில் அன்பானவர்களை மீண்டும் சந்திப்போம் என்று அடுத்த ஞாயிறுக்கான பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். அன்பானவள் இந்தக் கரையிலேயே தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்ததும் முழங்காலில் விழுந்தார். ஜெபம் பண்ணுகிறார் போலிருக்கிறது என்று அவள் கொஞ்ச நேரம் காத்து நின்றாள். ஜெபம் முடிகிற வழியாக இல்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "ஆற விடாம குடி, ஆர்ச்சி," என்று சொல்லிப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை மிஸ்டர் பெட்ரி என்றும் நீங்கள் என்றும்தான் அவள் அழைத்துவந்தாள், மகள் மோராக் பிறந்த வேளையில் வலியில் கத்தியபோதுகூட. மனைவி கல்லறையிலிருந்து வந்ததைவிட இந்த 'குடி'தான் பாதிரியாரை அதிகம் கலக்கியதாகச் சுஸ்கோ பின்னாளில் எல்லோரிடமும் சொன்னான்.

அவள் பழையபடியேதான் இருந்தாள். வியர்க்கவில்லை, கொசு அண்டவில்லை, மிஷன் மருந்தகத் தராசில் ஏறி நின்றால் முள் அசையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சாப்பிடுவதில்லை, ஆனால் உசிப்பா மீன் பொரிக்கும்போது அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசனை பிடிப்பாள். உட்கார்ந்தால் கோழிகள் மடியில் ஏறிக்கொள்ளும். பதிமூன்று வயது மோராக் அம்மாவின் கழுத்தில் மூக்கை வைத்துப் பார்த்து, "மண்வாசனை அடிக்குது," என்றாள், "பரவாயில்ல." பிறகு கணக்குப் பாடத்துக்குப் போனாள். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க அம்மாவின் கவுன் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

எங்கள் ஊரில் செத்தவர்கள் வருவது புதிதில்லை. ந்யாம்பண்டே என்ற பெண்ணின் புருஷன் படகு கவிழ்ந்து இறந்தவன். ஆண்டுதோறும் அறுப்பு முடிந்ததும் வந்து குடிசைக்குப் பின்னால் குந்துவான். அவள் ஒரு சுரைக்குடுவை கேழ்வரகுக் கள் ஊற்றுவாள். கள் தொண்டையில் இறங்கியதும் போய்விடுவான். இதற்காகத்தான் பாதிரியார் அவளைச் சபையிலிருந்து நீக்கி, திருவிருந்தில் அப்பம் தராமல் வைத்திருந்தார். செத்தவர்கள் வருவதில்லை, நல்லவர்கள் மேலே பாடிக்கொண்டிருக்கிறார்கள், கெட்டவர்கள் கீழே கத்திக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு இடத்திலும் விடுமுறை கிடையாது என்பது கஸேன்ஜேக்கு வந்த நாளிலிருந்து அவர் போதித்த போதனை. ந்யாம்பண்டே வாயுள்ளவள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே மிஷன் வேலியருகே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஐயா, என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருக்கா வந்தார், அதுவும் ஒரு வாய் கள்ளுக்கு. அதுக்கே எனக்கு அப்பம் இல்லைன்னீங்க. உங்க வீட்டுக்காரம்மா குடித்தனமே பண்றாங்களே, உங்களுக்கு யாரு அப்பத்தை நிறுத்தறது?"

உள்ளிருந்து ஐசோபெல்லின் குரல் வந்தது: "ந்யாம்பண்டே, வெயில்ல நிக்காதே, உள்ள வா. நியாயமான கேள்விதான் கேக்கற."

அன்று மாலை பாதிரியார் வேதப்புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, அசுத்த ஆவியே வெளியே போ என்று மூன்று அறைகளிலும் வாசித்தார். ஐசோபெல் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் ஒரு வசனத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னாள். பார்த்தால், தாண்டித்தான் இருந்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் சபையின் மூப்பர்கள் கூடினார்கள். அவர்களில் யோபே சிர்வா சட்டம் தெரிந்தவர், சிரிக்காமல் பேசுகிறவர். "ஐயா, கல்யாணத்துல நீங்களே எங்களைச் சொல்ல வைக்கிறீங்க, மரணம் எங்களைப் பிரிக்கும்வரைன்னு. உங்க விஷயத்துல பிரிச்சாச்சு. நாங்கதான் குழி வெட்டினோம். அப்போ இப்ப அந்த அம்மா தனிப் பொம்பளை. தனிப் பொம்பளையும் ஊழியக்காரரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா, அதுக்கு நீங்க வெச்ச பேரு ஒண்ணு இருக்கு, அதை நான் சபையில சொல்ல விரும்பல."

பாதிரியார் போர்வையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் குடிபோனார். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார். கறையான் அவருடைய சப்பாத்துகளைத் தின்றது. காலையில் அவர் பல் விளக்குவதைப் பார்க்கப் பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிட்டதால் வருகைப்பதிவு வரலாறு காணாத அளவுக்கு ஏறியது.

உப்புக் கப்பல் ஒருவழியாக வந்தபோது மிஷன் தலைமையகத்திலிருந்து டாக்டர் மக்ஃபீ அதில் வந்திறங்கினார். சதைப்பிடிப்பான மனிதர். வழியெல்லாம் வாந்தி எடுத்து மெலிந்திருந்தார். ஐசோபெல் அவருக்கு ஓட்ஸ் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். நான்காவது ரொட்டியைத் தின்றபடி அவர் விசாரணையைத் தொடங்கினார்.

"பரலோகம் எப்படி இருந்தது, மிஸஸ் பெட்ரி?"

"வாசல் வரைக்கும்தான் போனேன் டாக்டர். உள்ள பாட்டு கேட்டுச்சு. மிஷன் வீட்டுல இத்தனை வருஷம் கேட்டது போதும்னு தோணிச்சு."

டாக்டர் மக்ஃபீ மெல்லுவதை நிறுத்தினார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். அடுத்த கப்பல் வருவதற்குள் இந்த அம்மாள் புதைத்த இடத்துக்கே போய்விட வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரி ஊழியத்தை விட்டுவிட்டு மகளோடு ஸ்காட்லாந்துக்குக் கப்பலேற வேண்டும்.

பாதிரியார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை, தின்னப்பட்ட சப்பாத்துகளோடு ஏரிக்கரைக்கு நடந்தார். அங்கே ஐசோபெல் ஊர்ப் பெண்களோடு துணி துவைத்துக்கொண்டிருந்தாள், ந்யாம்பண்டே பக்கத்துக் கல்லில். பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். யாரும் விலகிப் போகவில்லை.

"ஐசோபெல்," என்றார், "நீ போயிடறியா?"

"முதல் தடவை கேக்கறே."

"என்ன?"

"என்னை ஒரு விஷயம் கேக்கறது இதுதான் முதல் தடவை. ஆப்பிரிக்காவுக்குப் போக ஒரு மனைவி வேணும்னு எங்கப்பாகிட்ட வந்து நின்னே. எங்கப்பா, ஐசோபெல்லை எடுத்துக்கோ, எலும்பு கெட்டின்னார். நான் அடுத்த ரூம்ல மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒருத்தரும் அந்தக் கதவைத் திறக்கல. அப்புறம் இந்த மலேரியா. அதுவும் கேக்காமத்தான் கூட்டிட்டுப் போச்சு. பாதி வழியில நின்னு யோசிச்சேன், ரெண்டு தடவையுமா? திரும்பி நடந்துட்டேன்."

பாதிரியார் நின்றுகொண்டே இருந்தார். அலை வந்து அவருடைய கிழிந்த சப்பாத்துக்குள் புகுந்து போனது. அவர் அழுதார் என்றுதான் பெண்கள் சொல்கிறார்கள். ஏரித்தண்ணீர் தெறித்தது என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. கடைசியில் சேற்றில் முழங்காலிட்டார். இந்தமுறை ஜெபத்துக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்று ஐசோபெல் ஒரு போர்வையைப் பிழிந்து முடிக்கும் வரை அவரைச் சேற்றிலேயே வைத்திருந்தாள். பிறகு, ந்யாம்பண்டேயைச் சபையில் திரும்பச் சேர்க்க வேண்டும், விடிகாலைச் சங்கீதம் வீட்டில் கூடாது, இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொண்டால் சரி என்றாள். அவர் ஒத்துக்கொண்டார்.

"அவ்வளவு சுளுவா?" என்று ந்யாம்பண்டே குறுக்கே வந்தாள். "பொண்ணு வீட்டுக்கு மண்வெட்டி யாரு குடுக்கிறது? இவளுக்கு இங்க ஆள் இல்லைன்னு நெனச்சீங்களா? நான் இருக்கேன்."

பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பது அஞ்ஞானம் என்று வருஷக்கணக்காகப் பிரசங்கித்த ஆர்ச்சிபால்ட் பெட்ரி, அன்று மத்தியானம் ஒரு புது மண்வெட்டியும் ஒரு சேவலும் சுமந்துகொண்டு ந்யாம்பண்டேயின் குடிசைக்கு ஊர் நடுவே நடந்துபோனார். சேவல் வழியெல்லாம் கத்தியது. மண்வெட்டி மெலிசு என்று ந்யாம்பண்டே ஒருமுறை திருப்பி அனுப்பினாள்.

டாக்டர் மக்ஃபீ முதலில் முடியாது என்றார். யோபே சிர்வா அவரை உட்காரவைத்து, இறந்த பெண்ணைப் புதைத்த இடத்துக்கு அனுப்பச் சபைச் சட்டத்தில் எந்த விதி இருக்கிறது என்று பணிவாகக் கேட்டார். டாக்டர் தேடினார். இல்லை. தனிப் பெண்ணும் மனைவியை இழந்தவரும் கல்யாணம் செய்வதற்குத் தடை? அதுவும் இல்லை. கப்பல் வர இன்னும் நாளிருந்தது, ரொட்டியும் இருந்தது. கப்பல் வந்த அன்று காலை அவரே கல்யாணத்தை நடத்தி வைத்தார். மோராக் மணப்பெண்ணுக்குத் தோழியாக நின்றாள். உறுதிமொழியில் 'மரணம்' என்ற இடம் வந்ததும் டாக்டர் தயங்கினார்.

"அந்த வரியை விட்டுடுங்க டாக்டர்," என்றாள் ஐசோபெல். "அது எனக்கு ஆயிடுச்சு."

"அப்போ என்ன சொல்றது?"

"இஷ்டம் இருக்கும்வரைன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னார்கள். ஆலயத்துக்குப் பின்னால் ந்யாம்பண்டே கள் ஊற்றினாள். பாதிரியார் கள்ளைக் காணாததுபோல் சாயங்காலம் வரை ஏரிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மக்ஃபீ அப்படிப் பார்க்கவில்லை. அவரைக் கப்பலுக்கு இரண்டு பேர் தாங்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

அதன்பின் பெட்ரி செத்தவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிரசங்கங்கள் வேதாகமத்தில் வரும் குஷ்டரோகச் சட்டங்களுக்கும் கூடாரத்தின் அளவுகளுக்கும் நகர்ந்தன. சபை தூங்கியது, ஆனால் கலையவில்லை. அறுப்புக் காலத்தில் ஈரத்துணியோடு ஒரு ஆள் கடைசி பெஞ்சில் ந்யாம்பண்டேயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவர் அந்தப் பக்கமும் அப்பத்தட்டை நீட்டினார். மோராக் நர்ஸ் படிப்புக்குப் போனாள், தபால்காரர் ஒருவரைக் கட்டினாள், அம்மாவை விட வயதானவளானாள். பாதிரியாருக்குத் தலை நரைத்தது, பல் போனது, காது போனது. ஐசோபெல் நாற்பத்தொன்றிலேயே இருந்தாள். அப்பாவோடு நடக்கும் மகள் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு குழம்பித் திரும்பவும் பார்த்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், ஒரு பிற்பகல், மழைக்கு முந்தின புழுக்கத்தில் அவருடைய முறை வந்தது. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். ஐசோபெல் முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் வரியா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். வேலி முழுக்க அவரைக் கொடி படர்ந்து காய்த்திருந்தது.

"நீ முன்னால போ, ஆர்ச்சி. பறிச்சு முடிச்சிட்டு வரேன்."

அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் கொடி இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமைகளில் அவள் சந்தைக்குக் கொண்டுவருவாள். நல்ல பிஞ்சாக இருக்கும், ஆனால் கொசுறு போடமாட்டாள்.