சம்பந்தி வந்தாச்சு

என் வாய்தான் எனக்கு எதிரி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு ஏரிக்கரையில் என் வாயோடு கூட்டுச் சேர்ந்து என்னைக் கவிழ்த்தது ஒரு 'ஆர்'. நிற்கிறார், வருகிறார், போகிறார் என்று மரியாதைக்குப் போடுவோமே, அந்த ஆர்.

முதலில் எங்கள் கோஷ்டியைச் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடி கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுசு போய்விட்டது. இன்னொருவர் பேக்கரிக்காரர், மூன்றாவது தபால்காரம்மா. குளிர்காலம் தொடங்கி, ஏரியில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கியதும் எங்கள் மூவருக்கும் பைத்தியம் பிடித்துவிடும். குல்லா, கையுறை, கேமரா, முக்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு விடியும்போதே கரைக்குப் போய், கோரைப் புல்லுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருவோம். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரே நேரம் அதுதான் என்பதால் வீட்டில் யாரும் தடை சொல்வதில்லை.

பறவைகளுக்கு நாங்கள் உறவுமுறை வைத்திருந்தோம். எந்நேரமும் ஒன்றையொன்று கொத்தித் துரத்தும் நாமக்கோழிகள், ஓரகத்திகள். திடீரென்று தண்ணீருக்குள் காணாமல்போய் மீன் கிடைக்கிற இடத்தில் மட்டும் தலையை நீட்டும் முக்குளிப்பான், சின்ன மச்சான். வேலை என்றால் மறைவதும் சாப்பாடு என்றால் முளைப்பதும் வேறு யாராம்? படகுத்துறையின் கடைசித் தூணில் வந்து நிற்கும் சாம்பல் நாரைக்கு, சம்பந்தி என்று பேர் வைத்தவர் பேக்கரிக்காரர்.

"வாயைத் திறக்க மாட்டார். ஆனா ஒண்ணு விடாம கவனிப்பார். சம்பந்தி வேற எப்படிம்மா இருப்பார்?" என்றார்.

உறவென்று ஆனபிறகு மரியாதை வேண்டாமா? சம்பந்தியைப் போய் 'நிக்குது' என்றா சொல்வது? 'நிக்கிறார்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய்தவறி அது, இது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இதுதான் எங்கள் சட்டம்.

இப்படிப் பறக்கிற சம்பந்தியோடு நிம்மதியாக இருந்தவளுக்கு நிஜச் சம்பந்தி ஒருவர் வரும் காலம் வந்தது.

என் மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அதே இடத்தில் வேலை பார்க்கும் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். தங்கமான பையன். எங்களுக்குப் பூரண சம்மதம். பையனுக்கு அம்மா இல்லை, அப்பா மட்டும்தான். அவர் வெளியூரில் நிலம் அளக்கிற வேலையில் இருக்கிறார். பேச்சையும் அளந்துதான் பேசுவாராம். நானோ பேச ஆரம்பித்தால் அளக்கிறவள். பொருத்தம் எப்படி?

"பொண்ணோட அம்மாவைப் பார்க்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்னு அப்பா ஒத்தைக் கால்ல நிக்கிறார்" என்றான் பையன்.

என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்குப் பயமாகிவிட்டது. மகளுக்கு அதைவிட அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று முடிவானது. அப்பாவும் பையனும் முதல்நாளே வந்து ஏரிக்கரை விடுதியில் தங்குவதாக ஏற்பாடு.

"அம்மா, ஒரு வேளை. ஒரே ஒரு வேளை" என்றாள் மகள். "வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி என்னைப் பாரு. நான் தலையாட்டினா பேசு."

"ஆட்டலேன்னா?"

"சாப்பிடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன். கண் கலங்கியிருந்தது. "அவன் அப்பா பேச்சைத் தட்ட மாட்டான்மா. அவர் வேண்டாம்னுட்டா அவ்வளவுதான்" என்றாள். சரி, ஊமையாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பச்சைக் குல்லாவை மாட்டிக்கொண்டு கேமராப் பையைத் தூக்கினேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குமா?"

"சம்பந்தியை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

"எந்தச் சம்பந்தியை?"

"பறக்கிறவரை!"

ஏரி முழுக்கப் பனிமூட்டம். ஓரகத்திகள் சண்டை போடும் சத்தம் மட்டும் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. கொஞ்சம் வெளிச்சம் பரவியதும் துறையின் கடைசித் தூணில் அவர் நிற்பது தெரிந்தது. ஆகா! அந்த வருஷத்தில் முதல் தரிசனம். இத்தனை குளிர்காலம் காத்திருந்தும் அவர் மீன் பிடிக்கும் அந்தக் கணம் என் கேமராவில் சிக்கியதே இல்லை. மற்ற இரண்டு பேருக்கும் உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, போனை வாயருகே வைத்துக் கிசுகிசுத்தேன்.

"சம்பந்தி வந்தாச்சு! அதே சாம்பல் கோட்டு, அதே நீளக் கழுத்து. ஒத்தைக் கால்ல நிக்கிறார். குளிர்ல கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு, முழிக்கிற முழியைப் பார்க்கணுமே, திருட்டு முழி! எது கிடைச்சாலும் மெல்லாம அப்படியே முழுங்கற ஆளாச்சே. சத்தம் போட்டுக்கிட்டு வராதீங்க, பக்கத்துல போனா பறந்துடுவார். இன்னைக்கு எப்படியாவது ஆளை அமுக்கிடறேன்!"

அனுப்பிவிட்டுக் கேமராவில் கண்ணை வைத்தேன். போன் துடித்தது. மகள்.

"அம்மா! என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"ஏண்டி?"

"எந்த குரூப்புல போட்டேன்னு பாரு!"

பார்த்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவள், ஆவி படிந்த தன் கண்ணாடியைத் துடைக்காமல் அமுக்கியிருக்கிறேன். எங்கள் பறவைக் கோஷ்டியின் குரூப்பில் ஏரிப் படம் இருக்கும், நான் எடுத்தது. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து மகள் ஆரம்பித்த குரூப்பிலும் அதே படம். அம்மா எடுத்த படம் என்று பெருமையாக அவள்தான் வைத்தாள். அவசரமாக அழித்தேன். என் போனில் மட்டும் அழிந்தது.

"அவர் கேட்டுட்டார்மா. நீல டிக் விழுந்துடுச்சு" என்றாள். குரல் உடைந்தது. "உனக்கு விஷயம் தெரியாது. போன வாரம் வேலை இடத்துல பள்ளத்துல விழுந்து அவருக்குக் கால் முறிஞ்சிருக்கு. சொன்னா சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுடுவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டார். கட்டுப் போட்டுக்கிட்டு, நிஜமாவே ஒத்தைக் கால்லதான்மா நிக்கிறார்!"

அவள் அழுதாள். போனை வைத்துவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போயிற்று. நான் என் பெண்ணையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டேன்! 'நிக்குது' என்று சொல்லித் தொலைத்திருந்தால் பறவை என்று புரிந்திருக்குமே. பாழாய்ப்போன மரியாதை. நேரே விடுதிக்குப் போய்க் காலில் விழலாமா என்றால், விழுவதற்கும் ஒரு கால்தான் இருக்கிறது. இந்த நேரத்திலும் புத்தி இப்படிப் போகிறதே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

சரளைக் கல்லில் டக், டக் என்று சத்தம் கேட்டது. திரும்பினேன்.

பனியிலிருந்து ஒரு நெடிய மனிதர் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு. கழுத்து நீளத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல், ஒரு காலில் மாவுக்கட்டு. என் பக்கத்தில் வந்து நின்றார், ஒற்றைக் காலில்.

"எங்கே?" என்றார்.

"என்னதுங்க?"

"சம்பந்தி."

துறையைக் காட்டினேன். "நான் உங்களைச் சொல்லலீங்க, சத்தியமா, நாங்க எப்பவுமே அவரை..." என்று ஆரம்பித்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். நாரையைப் பார்த்தார். குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். மறுபடி நாரையைப் பார்த்தார். அங்கே அவரும் ஒற்றைக் கால், இங்கே இவரும் ஒற்றைக் கால். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து கையுறையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்போது நாரை இன்னொரு காலையும் இறக்கியது. மன்னிக்கவும், இறக்கினார். கழுத்து நீண்டது. பளீரென்று தண்ணீரில் பாய்ந்து நிமிர்ந்தபோது அலகில் மீன் துள்ளியது. ஒரு ஆட்டு, ஒரு அண்ணாந்து பார்வை, தொண்டையில் ஒரு மேடு இறங்கியது.

"மெல்லவே இல்லை" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவ்வளவுதான். கையுறை தெறித்து விழ, நான் ஏரியே அதிரும்படி சிரித்தேன். நாரை க்ராக் என்று திட்டிக்கொண்டே எழும்பிப் பனிக்குள் போனார். கேமராவைத் தொடக்கூட இல்லை நான்.

"பறந்துட்டார்" என்றார்.

"உங்களுக்குக் கோபமே இல்லையாங்க?"

"வந்துச்சு. திருட்டு முழின்னதும் பையனை எழுப்பி, வண்டியை எடுடான்னு சொல்ல இருந்தேன். அப்புறம் பறந்துடுவார்னீங்க. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்க பறக்கறது? விடிஞ்சா நீங்க ஏரிக்கரையிலதான்னு பையன் சொல்லியிருந்தான். சரி, எனக்கு முன்னாடியே ஒரு சம்பந்தி இருக்கார் போல, யாருன்னு பார்த்துட்டு வருவோம்னு கிளம்பினேன்."

மகள் அங்கே இல்லை, தலையாட்ட ஆளில்லை. கேட்டேவிட்டேன். "எதுக்குங்க என்னைப் பார்க்கணும்னு அப்படி ஒத்தைக் கால்ல நின்னீங்க?" கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் ஊன்றுகோலை என் முக்காலிமேல் சாய்த்துவிட்டுத் துறையின் முதல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் எனக்கு நிறையப் பட்டப்பேர். ஏணி, விளக்குக் கம்பம், கொக்கு. தினம் ஒண்ணு. அவ போனதுக்கப்புறம் என்னை யாரும் கிண்டல் பண்றதே இல்லை. எல்லாரும் மரியாதையா பேசறாங்க. வீடு வீடா இல்லை. உங்க பொண்ணு முதல்முறை வந்தப்போ என்னை நிமிர்ந்து பார்த்து, 'மேல காத்து எப்படி இருக்கு மாமா'ன்னு கேட்டுச்சு. யார்கிட்ட கத்துக்கிட்டதுன்னு பார்க்கணும்னு தோணுச்சு."

அடி கள்ளி! எனக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நீ பேசின பேச்சா இது!

அவர் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். கட்டை விரல் படத்தைத் தவிர அந்த குரூப்பில் அவர் எதுவும் போட்டதில்லை. இப்போது வாயருகே வைத்து, என்னைப் போலவே கிசுகிசுத்தார்.

"சம்பந்தியம்மா வந்தாச்சு. பச்சைக் குல்லா, சிவந்த மூக்கு. ரெண்டு கால்லயும் நிக்குது. ஓயாம சத்தம் போடுது. பக்கத்துல போனாலும் பறக்கலை. நம்ம வீட்டுக்கு இதுதான் வேணும். தேதியைக் குறிங்க."

அனுப்பினார். மறுநொடி என் போனில் மகள் கத்திய கத்தலில் ஓரகத்திகள் எல்லாரும் சண்டையை மறந்து தண்ணீரில் குதித்தார்கள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன், ஆவி மட்டும் காரணம் இல்லை. தூரத்தில் பேக்கரிக்காரரும் தபால்காரம்மாவும் முக்காலிகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சரிங்க" என்றேன். "என்னைப் போய் நிக்குது, சத்தம் போடுதுன்னுட்டீங்க. எங்க சட்டப்படி எல்லாருக்கும் நீங்க டீ வாங்கித் தரணும்."

அவர் கழுத்தை நீட்டி அவர்களைப் பார்த்தார். ஊன்றுகோலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இந்தச் சம்பந்தி வாங்கித் தருவார்" என்றார்.