கதவுக்கு வெளியே

காலையில் எழுந்ததும் மோட்டாரைப் போட்டேன். பல் தேய்த்தேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினேன். அடுப்பு மேடையைத் துடைத்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டேன். அதை இப்போது யாரும் திறப்பதில்லை. ஆனாலும் தினமும் சார்ஜில் போடுகிறேன்.

அதில் 'ஆங்கரேஜ்' இருக்கிறது. ஆங்கில விண்வெளித் தொடர், ஐந்து சீசன். எழுதியவர் முதல் காட்சியை எடுக்கும் முன்பே கடைசிக் காட்சிவரை முடிவு செய்துவிட்டாராம். முதல் எபிசோடில் ஒரு விண்கலத்தின் மூடிய கதவை யாரோ வெளியே நின்று தட்டுகிறார்கள். வெளியே காற்று கிடையாது. அங்கே ஆள் இருக்க வழியே இல்லை. அது யார் என்பது ஐந்தாவது சீசனின் முடிவில்தான் தெரியும். என் மனைவி ரம்யா சட்டம் போட்டிருந்தாள். ஒருவரை விட்டு ஒருவர் பார்க்கக் கூடாது. முடிவை எங்கும் தேடக் கூடாது. அவளோடு படித்த சந்தனச்செல்வி ஒருமுறை போனில் முடிவைச் சொல்ல வந்தாள். "ஏளா, வாயத் தொறந்தியோ, ஒன் கல்யாணத்துக்கே வர மாட்டேன்" என்று ரம்யா கட் செய்துவிட்டாள்.

நாலாவது சீசனின் பாதியில் இருந்தோம். துறைமுகச் சாலையில் ஒரு டிரெய்லர் டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். ரம்யா ஸ்கூட்டரோடு சக்கரத்துக்கு அடியில் போனாள்.

வாசலில் பைக் நின்றது. சுடலைக்கண்ணன், ரம்யாவின் தம்பி. துண்டில் சுற்றிய அரிவாள் பெட்ரோல் டேங்கின் மேல் கிடந்தது.

"அத்தான், அவன் ஜாமீன்ல வந்துட்டான். உப்பளத்துப் பக்கம் வண்டியப் போட்டு உள்ளயே தூங்குதான். கெளம்புங்க."

"சாப்ட்டியாலே?"

"வந்து சாப்பிடுதேன்."

ரம்யாவைத் தூக்கும் முன் என் மாமியார் இசக்கித்தாய் ஒப்பாரி வைத்தார். 'என்னைக் கொன்னவன விடாத தம்பின்னு சொல்லிட்டுப் போனியே எம்மா' என்று மாரில் அடித்துக்கொண்டார். ஒப்பாரியில் செத்தவர் வாயில் வார்த்தை வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். அழுகை ஓய்ந்தால் அந்த வார்த்தையும் போய்விடும். சுடலைக்கண்ணன் அதை அக்காவின் கடைசி வாக்காக எடுத்துக்கொண்டான். மாடன் கோயிலில் அரிவாளை வைத்துச் சத்தியமும் செய்துவிட்டான். ஆம்புலன்ஸில் அவளோடு போனது நான் ஒருவன்தான். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லும் நிலையிலும் இல்லை.

பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். உப்புக் குவியல்களை ஓலையால் மூடியிருந்தார்கள். காற்று உதட்டில் கரித்தது.

"மொத வெட்டு ஒங்களுது அத்தான். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

டிரெய்லர் தனியாக நின்றது. சுடலைக்கண்ணன் கேபின் கதவை அரிவாளின் பின்புறத்தால் தட்டினான். உள்ளே டிரைவரின் முகம் எழுந்தது. நேசக்குமார். என்னைவிடச் சின்னவன். எங்களைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டான்.

"தொறலே!"

நானும் தட்டினேன். முதலில் கையால். பிறகு ஏணிப்படியில் கிடந்த இரும்பு லீவரால். கண்ணாடி நொறுங்கி அவன் மடியில் கொட்டியது. கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தேன். என் முழங்கை கிழிந்தது. வலிக்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்ததில் அவன் தலைகுப்புற மண்ணில் விழுந்தான். லீவரால் தோளில் அடித்தேன். எலும்பு உடைந்தது கைக்குத் தெரிந்தது. மறுபடி அடித்தேன். அவன் வாயிலிருந்து பல்லோடு ரத்தம் வந்தது. எனக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது அடியை வைக்கக் கை எழவில்லை. லீவரைக் கீழே போட்டேன்.

"தள்ளுங்க அத்தான்."

சுடலைக்கண்ணன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, தலைமுடியைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தினான். அரிவாளைக் கழுத்துக்கு மேலே ஓங்கினான்.

"அண்ணாச்சி, தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணாச்சி..." என்றான் நேசக்குமார். வார்த்தை ரத்தத்தில் குழறியது.

"எங்கக்கா ஒன்ன விடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தாம்ல போயிருக்கா. அத்தான், இவன் காதுல விழுத மாதிரிச் சொல்லுங்க. அக்கா என்ன சொன்னா?"

"அவ அப்படிச் சொல்லலைலே."

ஓங்கிய கை நின்றது. "அம்மா சொன்னாளே."

"அது ஒப்பாரி. அத்தை ஆம்புலன்ஸ்ல வரலியே."

"பின்ன என்னதான் சொன்னா? பொய் சொல்லாதிய. பொய் சொன்னா இவன வெட்டிட்டு ஒங்களையும் வெட்டுவேன்."

அரிவாள் இன்னும் நேசக்குமாரின் தலைக்கு மேலேதான் இருந்தது. வெயில் அதில் பட்டு என் கண் கூசியது. கீழே கிடந்தவன் வீங்காத ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான். அவனும் கேட்கக் காத்திருந்தான்.

அன்று ஆம்புலன்ஸ் பாலம் இறங்கும்போது ரம்யா ஆக்சிஜன் மாஸ்க்கை அவளாகவே விலக்கினாள். என் விரலைப் பிடித்தாள். தெளிவாகத்தான் பேசினாள். அதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன்.

"கடைசி எபிசோட இப்பவே போன்ல பாத்துச் சொல்லிருங்க. வெளிய நின்னு தட்டுதது யாரு? நான் கோவிக்க மாட்டேன்."