ஆட்டத்துக்கு முந்தைய இருபது நிமிஷம்

சித்தையன்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் காத்தமுத்து, கூடைப்பந்து கோர்ட்டுக்குள் நடுவராகக் கால் வைத்த நிமிஷத்திலிருந்து அவருடைய சொந்தக்காரர் யாருக்கும் அவரை அடையாளம் தெரியாது. திண்டுக்கல்லில் பதினோரு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வந்த 1991 மே மாதத்தில் இது ஆரம்பித்தது. மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த சிமென்ட் கோர்ட்டில் அன்று சாயந்திரம் அவருடைய பெண்டாட்டி பேச்சாயி, வீட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்ட மனுஷனைத் தேடி வந்தாள். கோட்டோரம் நின்றிருந்த காத்தமுத்துவையே நேருக்கு நேர் பார்த்து, "ஏங்க சார், எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா? கண்டக்டரு. இங்கதான் விசிலடிக்க வந்திருக்காருன்னாங்க" என்று கேட்டாள். ஆட்டம் முடிந்ததும் அவர் ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்க, அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டது. பிறகு அவர் தள்ளி நின்று சாவியை நீட்டினார். அவளாகக் கையை நீட்டி வாங்கினாள். விரல் பட்டதும், "அட, நீங்கதானா" என்றாள். இவராகப் பிடித்தால் பலிக்காது, அவர்களாக நீட்ட வேண்டும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதற்கப்புறம் ஆட்டம் பார்க்க வரும்போதெல்லாம் பேச்சாயி முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவாள். விசில் தொங்கவிட்ட ஆள் யாராவது வந்து கையை நீட்டினால் யோசிக்காமல் கொடு என்பது அந்த முடிச்சுக்கு அர்த்தம்.

டேபிளில் டைம்கீப்பராக உட்காரும் ஞானதாஸ்தான் இதை முதலில் கண்டவர். முதலில் நம்பாதவரும் அவரே. நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். தன் பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார், போகிற வழியில் அடுத்தவன் கடைப் பூட்டையும் ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். திறக்காத பூட்டே கிடையாது, திறக்கிறவன்தான் இன்னும் வரவில்லை என்பார். அவருக்கு நடுவர்களின் சட்டம் அத்தனையும் மனப்பாடம். ஆட்டம் தொடங்க இருபது நிமிஷம் இருக்கும்போது நடுவர் இரண்டு பேரும் கோட்டுக்கு வெளியே ஒருவருக்கொருவர் கை கொடுத்துவிட்டு உள்ளே வர வேண்டும். டேபிளுக்கு எதிர்ப்பக்கம் நடுக்கோட்டை ஒட்டி, கையைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். இரண்டு டீமும் பந்து போட்டு உடம்பைச் சூடேற்றுவதை ஆளுக்கொரு பாதியாகக் கவனிக்க வேண்டும். வளையத்தில் எவனும் தொங்கக் கூடாது. கையில் வளையல் கயிறு கிடந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். பந்தைத் தலை உயரத்திலிருந்து விட்டால் நெஞ்சு உயரம் எழும்ப வேண்டும். எந்த டீம் தருகிற டீயையும் குடிக்கக் கூடாது, எந்தக் கோச்சோடும் இளித்துப் பேசக் கூடாது. மூன்று நிமிஷம் இருக்கும்போது விசில், உடனே இரண்டு கேப்டனும் வந்து நடுவருக்குக் கை கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் இன்னொரு தரம் கை கொடுக்க வேண்டும். இதில் பாதி புத்தகத்தில் இருப்பது, பாதி திண்டுக்கல்லாகச் சேர்த்துக்கொண்டது. எது எந்தப் பாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஞானதாஸ் சும்மா விடவில்லை. 92இல் காத்தமுத்துவின் மச்சினன் பிரபுவை ஆத்தூரிலிருந்து கூட்டிவந்தார். வரப்புத் தகராறில் காத்தமுத்துவைக் கண்ட இடத்தில் கெட்ட வார்த்தையில் வைகிறவன் அந்தப் பிரபு. நேராகக் கோர்ட்டுக்குள் போய், "சார், இங்க பாத்ரூம் எந்தப் பக்கம் சார்?" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். ஊரே வாயைப் பிளந்தது. ஞானதாஸ் மட்டும் பிரபுவுக்கு யார் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஒரு வாரம் விசாரித்தார். கூடைப்பந்து சங்கத்துக்கு இந்த விஷயம் ரொம்ப வசதியாகப் போய்விட்டது. எந்த டீமிலாவது சொந்தம் இருக்கிற நடுவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. திண்டுக்கல் சீமையில் அப்படிப் பார்த்தால் விசிலடிக்க ஆளே மிஞ்சாது. காத்தமுத்துவுக்குத்தான் கோர்ட்டுக்குள் சொந்தமே கிடையாதே. ஆறு வருஷம் எல்லா ஃபைனலும் அவருக்கே போனது. சொந்தக்காரர்களுக்குத்தான் அவரைத் தெரியாதே ஒழிய, அவருக்கு எல்லாரையும் தெரியும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

97 மே மாதம் பெண்கள் ஃபைனல். மலையடி கிளப்புக்கும் கன்னிவாடிப் பிள்ளைகளுக்கும். மலையடி கிளப்பின் கேப்டன் காத்தமுத்துவின் ஒரே மகள் தமிழ்மதி, பதினேழு வயசு. ஜெயிக்கிற டீமிலிருந்து இரண்டு பேரை மாநில முகாமுக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பந்தோடு இரண்டடி வைத்து ஏறுவதை வீட்டு வாசலில் சாக்கட்டியால் கோடு போட்டு அவளுக்குப் பழக்கியவரே காத்தமுத்துதான். அன்று மத்தியானம் டீக்கடையில் ஞானதாஸ் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஏப்பா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "பதினேழு நிமிசம் மறக்குறது பெரிய காரியமா? மூணு நிமிசம் இருக்கையில கை குடுத்ததும் உன் மகளுக்கு நீ அப்பன்னு தெரிஞ்சுபோகுது. அதுக்குப் பொறவு ஆட்டம் நாப்பது நிமிசம் இருக்கே. களவாணித்தனம் பண்றவன் அதுலதான பண்ணுவான்?" காத்தமுத்து பாதி டம்ளர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவரைக் குத்திவிட்டோம் என்று ஞானதாஸுக்கு அப்போது ஒரு சந்தோஷம்தான்.

சாயந்திரம் ஐந்து பத்துக்கு நடுவர்கள் உள்ளே வந்தார்கள். தமிழ்மதி நாலு பந்து போட்டுவிட்டு அவரிடம் ஓடிவந்து மணிக்கட்டைக் காட்டினாள். "சார், இந்தக் கயிறு இருக்கலாமா?" முந்தின வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அவரே கட்டிவிட்ட சிவப்புக் கயிறு அது. "கழட்டிரும்மா" என்றார். அவள் பல்லால் கடித்து அறுத்துத் தூரப் போட்டாள். மூன்று நிமிஷம் இருக்கும்போது விசில் கேட்டது. கன்னிவாடிக் கேப்டன் வந்து கை கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்து தமிழ்மதி கையை நீட்டினாள். காத்தமுத்து பின்னால் கட்டிய கையை எடுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள், அப்புறம் உள்ளங்கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மகளுக்கு ஆட்டம் முடிகிறவரை தான் யாரோவாகவே இருக்கட்டும், கடைசியில் எல்லாரும் கை கொடுக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த மனுஷன் நினைத்திருக்கிறார். டேபிளிலிருந்து பார்த்த ஞானதாஸுக்கு விஷயம் சட்டென்று விளங்கியது. ஆனாலும், நல்லா நடிக்கிறான்யா என்றுதான் மனசு சொன்னது.

எட்டு செகண்டு பாக்கி, மலையடி ஒரு பாயின்ட் பின்னால். தமிழ்மதி மூன்று பேரைத் தாண்டிப் பந்தோடு ஏறினாள். பந்து வளையத்துக்குள் விழுந்தது, ஆனால் அதற்கு முன்பே விசில் ஊதியாகிவிட்டது. காத்தமுத்து இரண்டு முஷ்டியையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டினார். ஸ்டெப்ஸ். இரண்டடிக்கு மேல் ஓரடி வைத்துவிட்டாள் என்று அர்த்தம், பாயின்ட் கிடையாது. விசில் கேட்டதும் வாட்சை நிறுத்த வேண்டியவர் ஞானதாஸ். அவர் கண் வாட்சிலேதான் இருந்தது, அவள் காலை அவர் பார்க்கவில்லை. மிச்சமிருந்த செகண்டுகளும் கன்னிவாடி கையில் பந்து இருந்தே கழிந்தது. ஆட்டம் முடிந்ததும் காத்தமுத்து எல்லாருக்கும் முந்திக்கொண்டு கையை நீட்டியபடி வந்து நின்றார். வரிசையில் வந்த தமிழ்மதி அந்தக் கையைப் பார்த்தாள். "உங்க கை உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்றாள்.

வீட்டுக்குப் போனால் அந்த நடுவர் அடுப்படியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறார். "இந்தாளு எதுக்கும்மா இங்க?" என்றாள். பேச்சாயி விவரம் சொன்னாள், கல்யாண போட்டோவைக் காட்டினாள், அழுதாள். தமிழ்மதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "சரிம்மா, நீ பொய்யா சொல்லப் போற? அப்பாவாவே இருக்கட்டும். அந்தாளுக்குக் கை மட்டும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஏழு வருஷம் அந்த வீட்டில் அவர் சார். சார், வெந்நி போட்டிருக்கு. சார், உங்களுக்கு மோரு ஊத்தவா? மரியாதையில் ஒரு குறை கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடம், இவர் எங்க வீட்ல இருக்குற சார் என்று அறிமுகப்படுத்தியதில் இரண்டு சம்பந்தம் பஜ்ஜியோடு எழுந்து போயின. காத்தமுத்து பஸ்ஸில் விசிலடித்தார், கோர்ட்டில் விசிலடித்தார், மகள் கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் கையைப் பின்னால் கட்டியபடியே நடந்தார்.

ஞானதாஸுக்கு இதிலும் சந்தேகம். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, கோவத்தில் தெரியாத மாதிரி இருக்கிறாளா? பஸ் தாமதமான ஒருநாள் தெருமுனையில் நின்று எண்ணிப் பார்த்தார். தமிழ்மதி மூன்று தரம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். யாரோ எவரோ ஒரு சாருக்கு எதுக்கு மூணு தரம்? ஆனால் அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று அவரைப் போட்டு அரித்தது. அது நிஜமாகவே ஸ்டெப்ஸ்தானா? கூட விசிலடித்தவரைக் கேட்டார், தெரியவில்லை என்றார். கன்னிவாடிக் கோச்சைக் கேட்டார், அவர் சிரித்தார். கடலை விற்கிற சேக் பரீது மட்டும், "ரெண்டடிதாண்ணே. நா இந்தப் பக்கம்தான நின்னேன்" என்றார். அன்றைக்கு டீக்கடையில் நாக்கை அடக்கியிருந்தால் காத்தமுத்து கையைக் கொடுத்திருப்பான், விசிலும் வந்திருக்காது என்று ஞானதாஸுக்குப் பட்டது. ஆயுசில் முதல் தடவையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அது வந்தபின் பூட்டை எத்தனை தரம் இழுத்தாலும் அவருக்கு நிம்மதி இல்லை.

2003இல் தமிழ்மதி நடுவர் பரீட்சை எழுதிப் பாஸானாள். விசிலை எப்படி ஊதணும்னு காட்டுறேன் என்று பேச்சாயியிடம் சொன்னதாகப் பேச்சு. அதற்குள் ஞானதாஸ் டோர்னமென்ட் செயலாளராகியிருந்தார், டேபிளை மட்டும் விடவில்லை. 2004 மே மாத ஃபைனலுக்கு நடுவர் பட்டியலை அவரே எழுதினார். காத்தமுத்து, தமிழ்மதி. சொந்தமாச்சே என்று சங்கத்தில் கேட்டவர்களிடம், கோர்ட்டுக்குள்ள ஏதுப்பா சொந்தம் என்றார்.

இருபத்திரண்டு நிமிஷம் இருக்கும்போது இருவரும் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஒரே மாதிரி சாம்பல் கலர் சட்டை. கேலரியில் பேச்சாயி முந்தானையைக் கையில் பிடித்திருந்தாள். ஒரு நிமிஷம் போனது. இருவரும் கோர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானதாஸ் வாட்சோடு எழுந்து அவர்களிடமே நடந்து வந்தார். "நடுவருங்க கை குடுக்காம நா வாட்ச அமுக்க மாட்டேன்" என்றார். "சட்டம்."

தமிழ்மதி கையை நீட்டினாள். காத்தமுத்துவின் கை பின்னாலிருந்து முன்னால் வர நேரம் பிடித்தது. வந்தது. அவள் அதை இறுக்கிப் பிடித்தாள், முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அப்பா, அன்னைக்கு அது ஸ்டெப்ஸ் இல்ல."

"விசில் ஊதுனப்பவே தெரியும்மா" என்றார் காத்தமுத்து.

ஞானதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கையை அவள் உதறவில்லை, செத்த நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு, "வாங்க, நேரமாச்சு" என்றாள். இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். உள்ளே இரண்டடி போனதும் தமிழ்மதி திரும்பி அவரைப் பார்த்து, "சார், நீங்க எந்தப் பாதி பாக்குறீங்க?" என்று கேட்டாள். "நா இந்தப் பாதி. நீங்க அந்தப் பாதி பாருங்கம்மா" என்றார் அவர். அவள் தலையாட்டிவிட்டுப் பந்தைச் சோதிக்கத் தலை உயரத்துக்குத் தூக்கினாள். கை உயர்ந்ததில், உள் மணிக்கட்டில் பேனாவால் எழுதியிருந்தது ஞானதாஸின் கண்ணில் பட்டது. முடிஞ்சதும் சாருக்குக் கை குடு, அவர்தான் அப்பா. மை நன்றாகக் காய்ந்திருந்தது. அதை எப்போது எழுதினாள் என்று ஞானதாஸ் கேட்கவில்லை. டேபிளுக்குப் போய் உட்கார்ந்து வாட்சை அமுக்கினார்.