கர்ம சுத்தி முகாம்

மகன் போய் நான்கு மாதமாகியும் விசம்பரி தேவி ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கார்வால் மலையில் மின்சாரத்துக்காகக் கம்பெனி குடைந்துகொண்டிருந்த சுரங்கத்துக்குள், மேலே அணையின் மதகிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஒரு காலை நேரத்தில் பாய்ந்து புகுந்தது. உள்ளே இருந்த பதினொரு பேரும் செத்தார்கள். ஏழு உடல்தான் கிடைத்தது. கிடைக்காத நால்வரில் அவள் மகன் பிரமோத் ஒருவன்.

மதகு திறப்பதற்கு முன் அபாயச் சங்கு ஊத வேண்டும். அன்று ஊதவில்லை. சங்கராந்திக்கு வீட்டுக்கு வந்தபோது பிரமோத் கிச்சடி தின்றுகொண்டே சொல்லியிருந்தான்: “சங்கு ரிப்பேர்மா. ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன், ஒருத்தனும் காதுல வாங்கல.” அதை அவள் விசாரிக்க வந்த அதிகாரியிடம் அப்படியே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்; பேனா மட்டும் அசையவில்லை.

ஜூன் மாதம் கம்பெனியின் நலத்துறை அதிகாரி கக்கர் பஸ்ஸோடு வந்து நின்றார். ரிஷிகேஷில் மூன்று நாள் கர்ம சுத்தி முகாம். இறந்தவர்களின் வீட்டுப் பெண்களுக்காகவே ஏற்பாடு.

“டில்லியிலேர்ந்து குருமான்னு ஒரு சாமியாரம்மா வர்றாங்க. அழுது அழுது உடம்பக் கெடுத்துக்காதீங்க. வந்தா மனசு லேசாகிடும்” என்றார்.

விசம்பரி மறுத்துவிட்டாள். ஆனால் கீழ்வீட்டு சத்தேஸ்வரி வந்து காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். இருபத்திரண்டு வயது. புருஷன் பிரமோத்தோடு அதே ஷிப்டில் இருந்தவன். அவன் போன பிறகு பிறந்த பெண் குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“நீங்க வந்தாத்தான்க்கா மாமியார் என்னை விடுவாங்க. அந்த வீட்டுல மூச்சு முட்டுது. புருஷன முழுங்கினவ, புருஷன முழுங்கினவன்னு காலைல எந்திரிச்சதுலேர்ந்து அதே பாட்டு.”

அதற்காகத்தான் விசம்பரி பஸ் ஏறினாள்.

பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது. குருமா வெள்ளைச் சேலையில் மெல்லிய குரலில் பேசினாள். நெஞ்சில் கை வைத்து மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். பெயர் சொல்லி அழச் சொன்னாள். விசம்பரி வாய்விட்டு அழுதாள். அன்று மத்தியானம், மாதக்கணக்கில் வராத தூக்கம் வந்து, பாயில் விழுந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். யாரோ படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எடுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

மூன்றாம் நாள் ஓமகுண்டம் மூட்டி ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள்.

“உங்க துக்கம் வெளியேர்ந்து வந்ததில்ல” என்றாள் குருமா. “போன ஜென்மத்துல நீங்க செஞ்சதுதான் இன்னிக்கு உங்க வாசலுக்கு வந்திருக்கு. அதை ஒத்துக்கிட்டு எழுதி அக்னியில போடுங்க, கரைஞ்சிடும். மத்தவங்க மேல விரல நீட்டினா கர்மம் இன்னும் கனமாகும்.”

பின்னால் கைகட்டி நின்ற கக்கர் பக்தியோடு தலையாட்டினார்.

விசம்பரிக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் சத்தேஸ்வரி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணீர் காகிதத்தில் சொட்டிற்று. எட்டிப் பார்த்தாள் விசம்பரி. ‘என் புருஷனை நான்தான் கொன்றேன். என் மகளும் பாவி’ என்று எழுதியிருந்தது.

அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. காகிதத்தைப் பிடுங்கிக் கசக்கினாள்.

“எந்திரி” என்றாள். “எந்திரிடி! பால் குடிக்கிற புள்ளையா மதகத் தொறந்துச்சு?”

“அம்மா, உக்காருங்க. இந்தக் கோபம்தான் உங்க நோய்” என்றாள் குருமா.

“இருக்கட்டும். நீங்க மூச்சு விடச் சொன்னீங்க, விட்டேன். அழச் சொன்னீங்க, அழுதேன். நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா கர்மம்னா செஞ்ச காரியம்தானே? சங்கு கெட்டுக் கிடந்துச்சு. என் புள்ள ரெண்டு தடவ எழுதிக் குடுத்தான். எவன் படிக்கலையோ அவன் செஞ்ச காரியத்துக்கு இந்தப் பொண்ணு ஏன் எழுதணும்?”

குருமா கக்கரைத் திரும்பிப் பார்த்தாள். “சங்கு? மலை வெள்ளம்னுல்ல சொன்னீங்க?”

“அதெல்லாம் விசாரணைல இருக்கு குருமா.” விசம்பரி பக்கம் திரும்பினார். “பெஹன்ஜி, இது அதுக்கான இடமில்ல.”

“எது இடம்? அதிகாரிகிட்ட சொன்னா எழுத மாட்டேங்கறான். இங்க எங்களையே எழுதச் சொல்றீங்க.” விசம்பரி தன் வெற்றுக் காகிதத்தைக் கொண்டுபோய் கக்கரின் கையில் திணித்தாள். “நீங்க எழுதுங்க. அக்னி எல்லாருக்கும் பொதுதானே?”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து தன் காகிதத்தையும் அவர் கையில் வைத்தாள். இன்னொருத்தி வந்தாள். முகாமுக்கு வந்த ஒன்பது பெண்களில் சத்தேஸ்வரியைத் தவிர எல்லாரும் கொடுத்தாயிற்று. கக்கர் போன் வந்தது மாதிரி வெளியே நழுவினார். பெண்கள் எழுந்து கிளம்பியபோது குருமா தடுக்கவுமில்லை, கூட வரவுமில்லை. நெருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பெண்கள் படித்துறைக்கு நடந்தார்கள். தர்ப்பணம் செய்துவைக்கச் சொன்னபோது அங்கிருந்த பண்டிட் தயங்கினார். “பொம்பளைங்க பண்ற வழக்கமில்லையேம்மா. வீட்டுல ஆம்பளைங்க?”

“செத்துட்டாங்க” என்றாள் விசம்பரி. “மந்திரத்தச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். நான்கு மாதத்தில் முதல்முறையாக அவள் ஆற்றில் இறங்கினாள். எள்ளும் தண்ணீருமாக விட்டு, மகன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். பிறகு பதினொரு பெயரையும் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் புகார் எழுதினார்கள். கையெழுத்து வாங்கப் போனபோது சத்தேஸ்வரியின் மாமியார் வாசலை மறித்து நின்று ஏசினாள். விசம்பரி புகாரை அவளுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினாள். சங்கு கெட்டுக் கிடந்த விஷயம் அந்தக் கிழவிக்கு அதுவரை தெரியாது. வாசலை விட்டு விலகினாள். பிறகு கட்டைவிரலை நீட்டி, “எனக்கும் மை குடு” என்றாள்.

போலீஸ் நிலையத்தில் இருந்தவர்கள் செய்தித்தாளை விரித்துக் காட்டினார்கள். முகாமில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் விசம்பரியின் படம். மேலே ‘துயரை வென்ற தாய்மார்கள்’ என்று கொட்டை எழுத்து.

“நீங்கதான் சாந்தி அடைஞ்சிட்டீங்களேம்மா?” என்றார் ஏட்டு.

“அடைஞ்சா புகார் குடுக்கக் கூடாதுன்னு சட்டமா? எழுதுங்க.”

நான்காம் முறை போனபோதுதான் வழக்குப் பதிந்தார்கள். தளப் பொறியாளரைக் கைது செய்து ஒரே வாரத்தில் ஜாமீனில் விட்டார்கள். கக்கர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். ஒவ்வொரு விசாரணைத் தேதிக்கும் பெண்கள் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போகிறார்கள். காலையில் விசம்பரி நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் மூச்சு விடுகிறாள். கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.