சட்டை முதுகில் வந்த பழமொழிகள்

வார இதழில் படப்புதிர் போடுகிறவரின் சட்டை முதுகில், அவர் மனைவி சொல்லாமல் விழுங்கிய பேச்செல்லாம் படமாக வந்தது. கல்யாணமான முதல் மழைக்காலம் முடிவதற்குள் இது தொடங்கிவிட்டது. வெள்ளைச் சட்டையில் கோடுகள் பளிச்சென்று தெரியும். கட்டம் போட்ட சட்டையில் சற்று மங்கல். கறுப்புச் சட்டை அவரிடம் கிடையாது. சட்டையைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது படம் மெல்லக் கிளம்பும், தெருமுனைக்குப் போவதற்குள் முழுதாகிவிடும், சாயங்காலம் சோப்புப் போட்டு அலசினால் போய்விடும். சலவைக்கடைக்காரர் ஒருமுறை முகர்ந்து பார்த்து, இது மையும் இல்லை சாயமும் இல்லை, துணிக்கு ஒரு கெடுதலும் வராது என்று சொன்னார். அதோடு ஊர் நிம்மதியடைந்தது.

புதிர்க்காரரின் தொழிலே பழமொழியைப் படத்துக்குள் ஒளித்துவைப்பதுதான். விளக்கை வரைந்து அதன் அடியில் ‘இருட்டு’ என்று எழுதினால் விளக்கடியில் இருட்டு. ‘மலை’ என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு மண்வெட்டியும் வாலை நீட்டிக்கொண்டு ஓர் எலியும் போட்டால், மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. விடையை அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தலைகீழாக அச்சடிப்பார்கள். பத்திரிகையைத் திருப்பிப் பிடித்துப் படிக்க வேண்டும். விடை கிடைத்துவிட்டால் புதிர் செத்தது என்பது அவருடைய கட்சி. விடை எழுதிய தாளை மேசையின் இடதுபுறம் தள்ளிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார்.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் பையைத் தொலைத்தார்கள் என்பதையெல்லாம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்லுவாள். ஊரில் அவள் முகம் தெரியாதவர்கள் பலர், குரல் தெரியாதவர் ஒருவரும் இல்லை. நாளெல்லாம் பிறருக்காகப் பேசிவிட்டு வீடு வந்தால், தனக்காகப் பேச அவளுக்கு மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போடும்போதுதான் எடுப்பாள். சமையலறை ஜன்னல் திறக்கவில்லை, புகை கண்ணைக் கரிக்கிறது என்று ஆரம்பிப்பாள். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு “ம்” என்பார். மறுபடி சொல்லுவாள். மறுபடி “ம்”. மூன்றாவது தடவைக்கு வைத்திருந்ததைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு, சட்டையை நீட்டுவாள்.

முதல் படத்தைக் கண்டுபிடித்தவர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். “சார், முதுகுல என்னமோ இருக்கு, அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு, பல்லி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்துவந்தார். பல்லி இல்லை. பூட்டுப் போட்ட கதவோடு ஒரு காது, அதன் எதிரே ஊதப்படும் ஒரு சங்கு. புதிர்க்காரர் சட்டையைக் கழற்றி மேசையில் விரித்துப் பார்த்த மாத்திரத்தில் “செவிடன் காதில் ஊதின சங்கு” என்றார். அந்த வாரத்துக்கு ஒரு யோசனையும் வராமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த மனிதர். பனியனோடு உட்கார்ந்து மத்தியானத்துக்குள் அதை அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “இத்தனை நாள் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த இந்தக் கையை?” என்றார்.

அதன்பின் வாரம் தவறியதில்லை. பஞ்சு வெடித்துப் பறக்கும் மரத்தில் கழுத்தை நீட்டிக் காத்திருக்கும் கிளி. தனியாகக் காற்றில் அடித்துக்கொள்ளும் ஒரு கை. குடத்துக்குள் எரியும் விளக்கு. இதழ் இரண்டு பங்கு விற்றது. பேருந்தில் அவர் பின்னால் நிற்க ஆட்கள் முண்டியடித்தார்கள். உட்கார இடம் இருந்தாலும் அவரை உட்கார விடுவதில்லை. நடத்துநர் மட்டும் அவ்வப்போது, “என்ன சார், இன்னிக்கு வீட்ல சரியில்லையா?” என்று கேட்பார். முகத்தில் களைப்புத் தெரிகிறது போலும் என்று எண்ணிக்கொண்டு, “வேலை ஜாஸ்தி” என்பார் இவர். ஊர் முழுக்க அவருடைய குடும்பத்தைப் படித்தது. அவர் படங்களை மட்டும் படித்தார்.

கிளிப் படம் அச்சில் வந்த அன்று மனைவி இதழைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். தன் வாய்வரை வந்து திரும்பிப் போன வார்த்தை, கீழே தலைகீழாக, ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. கண்டுபிடித்துவிட்டார், இனி வந்து கேட்பார் என்று முகம் கழுவித் தலை சீவிக் காத்திருந்தாள். அவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“பாத்தியா? கடைக்குக் கடை கட்டுக் கட்டா வித்துப் போகுது!”

“பாத்தேன்.”

“நீ கண்டுபிடிச்சியா?”

“ம்.”

“கெட்டிக்காரி!” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

அவரைக் கெட்டவர் என்று அவருக்கு ஆகாதவர்கள்கூடச் சொன்னதில்லை. குரல் உயர்த்தமாட்டார், மழை வந்தால் குடையோடு நிலையத்துக்குப் போய் நிற்பார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார். மனசில் உள்ளதைப் பேசு என்றால் மட்டும் மீன்முள் சிக்கியவர் போல் விழிப்பார். இருவரும் அப்படியே சில வருஷங்களை ஓட்டினார்கள், குறை ஒன்றும் வெளியே சொல்லிக்கொள்ளாமல். முதுகு சொன்னது தவிர.

பிறகு அவள் கருவுற்றாள். அந்த மாதங்களில் சட்டையில் வந்த படங்களே வேறு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கரும்பைத் தின்றதற்குக் கூலி கிடைத்தது. பேருந்தில் பின்னால் நின்றவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள், நடத்துநர் தன் வீட்டு விசேஷம் போல் எல்லோருக்கும் வழிவிட்டார். ஐந்தாம் மாதம் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மூன்றாம் நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. அன்றைய படம் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை இருந்தது. இந்தக் கோடியில் ஏதோ உருண்டையாக ஏந்திய ஒரு கை. அந்தக் கோடியில் திறந்தபடி ஒரு வாய். நடுவில் வெறும் துணி. பேருந்தில் யாரும் முண்டியடிக்கவில்லை. நடத்துநர் விசிலைக்கூட மெதுவாக ஊதினார்.

புதிர்க்காரர் அதையும் பிரதி எடுத்தார். அதுவும் அச்சில் வந்தது. படுக்கையில் கிடந்தபடி அவள் இதழைத் திருப்பிப் பிடித்து, ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்ற விடையை வாசித்தாள். இதழை நாலாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

மறுநாளிலிருந்து சட்டைகள் வெறுமையாக வந்தன.

அவர் முதலில் சோப்பைச் சந்தேகித்தார். “சோப்பு மாத்தினியா?” என்று கேட்டார். இல்லை என்றாள். புதுத்துணி எடுத்துத் தைத்துப் பார்த்தார். வெயிலில் நடந்து பார்த்தார். முதுகில் ஒரு புள்ளிகூட வரவில்லை. ஆசிரியர் பழைய புதிர்களைத் தூசு தட்டிப் போட்டார். ஊருக்கும் சங்கடம்தான்; வெள்ளை முதுகைப் பார்க்கும்போது மூடிய கடையைப் பார்ப்பது போல் இருக்கிறது என்று எழுத்துக் கோப்பவர் சொன்னார். அந்த மாதக் கடைசியில் மனைவிக்கு மாறுதல் உத்தரவு வந்தது. வேறு ஊர்ப் பேருந்து நிலையம், ஒருநாள் தொலைவு. அவளே கேட்டு வாங்கியது. அந்த ஊரில் இருந்த அவள் தங்கை பெட்டி கட்ட ஒத்தாசைக்கு வந்து சேர்ந்தாள்.

தங்கைக்கு வாய் சும்மா இருக்காது. புடவைகளை மடித்துக்கொண்டே, “மாமா, எங்க அக்கா ஏன் போறான்னாவது தெரியுமா?” என்றாள்.

“பெரிய நிலையம். பதவி உயர்வு...”

“கிழிஞ்சது போங்க. உங்க முதுகுல வந்ததெல்லாம் யாரு பேச்சுன்னு நினைச்சீங்க?”

அவர் கை தானாக முதுகுப்பக்கம் போனது.

“ஊர்ல இருக்கிற கண்டக்டருக்குத் தெரியுது, சலவைக்கடைக்குத் தெரியுது. அவ வயித்தெரிச்சலுக்கு விடை எழுதி, அதைத் தலைகீழா அச்சடிச்சு ஊருக்கே வித்த ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் மாமா.”

“சும்மா இருடி” என்றாள் அக்கா, பெட்டியிலிருந்து நிமிராமல்.

புதிர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு படமாக நினைவுக்கு வந்தது. சங்கு, கிளி, ஒற்றைக் கை, கடைசியில் அந்த வெறும் துணி. விடைகள் எல்லாம் சரிதான். ஒன்றுகூடத் தப்பில்லை. எழுந்தார். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், கொடியில் தொங்கிய அவளுடைய நீலநிற வேலைக் கோட்டை எடுத்து மேசையில் விரித்து இஸ்திரி போட ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் இஸ்திரி போட்டதில்லை. காலரை முதலில் போடவேண்டுமா கையையா என்றுகூடத் தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியின் கரிப்புகையில் கண் கரித்தது, ஜன்னல் திறக்காத வீடு என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேலை முடிந்ததும் கோட்டை அவளிடம் நீட்டினார்.

வண்டிக்கு நேரமாகிறது என்று அவள் அதை மாட்டிக்கொண்டாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் தங்கை, “அக்கா, அப்படியே நில்லு” என்றாள்.

நீலத்துணியில் வெள்ளைக் கோடுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. முதலில் மூடிய இரண்டு கண்கள். பிறகு மூக்கு, தாடை. வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. தலைக்கு மேலே மேகம் போல ஒரு வட்டம், அதற்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னச் சட்டை.

மனைவி கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நெடுநேரம் பார்த்தாள். புதிர்க்காரர் தேர்வு எழுதிய மாணவனைப் போல் எதிரில் நின்றார்.

“ஊமை கண்ட கனவு” என்றாள் கடைசியில். “விடை எனக்குத் தெரியுதுங்க. கனவு என்னன்னுதான் தெரியல.”

அந்தக் கேள்வியை அவர் தன் தொழிலில் ஒருநாளும் கேட்டதில்லை. தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தார். முதல் வார்த்தை வருவதற்குள் தங்கை பெட்டிக்குக் கயிறு கட்டி முடித்துவிட்டாள்.

“அந்தக் கையும் வாயும் வந்த படத்தை வேற எங்க வைக்கிறதுன்னு தெரியல” என்றார். “என் வாயால சொல்ல வரல. ஊரே சேர்ந்து சொல்லட்டும்னு போட்டேன். தப்பு. உன்கிட்டதான் சொல்லியிருக்கணும்.”

கோட்டில் வந்திருந்த சின்னச் சட்டையை அவள் விரலால் தடவினாள்.

“நான் பேருகூட வச்சிட்டேன். ரெண்டாம் மாசமே.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே...”

“ம்” என்று ஆரம்பித்தவர், பாதியில் அந்த “ம்”மை நிறுத்திவிட்டு, அவள் காதருகே குனிந்து பேரைச் சொன்னார். அவள் அதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் பக்கத்தில் இருந்த தங்கைக்கே கேட்கவில்லை. ஊர் இன்றுவரை அந்தப் பேரை அறியாது. பிறகு இருவரும் அழுதார்கள். தங்கை கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது, “மூணு முடிச்சுப் போட்டேனே, பாவி” என்று யாரையோ திட்டினாள். வண்டி அவர்கள் இல்லாமலே புறப்பட்டுப் போனது. மாறுதலை ரத்து செய்யக் கேட்டு மறுநாள் விண்ணப்பம் கொடுத்தாள், கிடைத்தது.

பழைய ஜன்னலை உடைத்துப் புது ஜன்னல் வைத்தார்கள். இருவர் முதுகிலும் இப்போது படம் வருகிறது, சில நாள் கோபம், சில நாள் கேலி, சில நாள் சமையலில் உப்பு. புதிர்க்காரர் அவற்றை அச்சுக்குக் கொடுப்பதில்லை. சொந்தமாக யோசித்து வரைகிறார், சுமாராகத்தான் இருக்கிறது, இதழ் விற்பனை பழைய நிலைக்கு இறங்கிவிட்டது, ஆசிரியரும் பழகிக்கொண்டார். வெளியே கிளம்பினால் கணவனும் மனைவியும் அருகருகே நடப்பதில்லை. பாதி வழி அவர் முன்னால், பாதி வழி அவள் முன்னால். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், பாவம், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா என்று விசாரிப்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, படித்துக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.