நிமிடத்துக்கு நூறு

சன்னாசிக்கு அந்த டிக் சத்தம் கேட்கவில்லை. முதல் நாளே கேட்கவில்லை. ஆனாலும் மதீசன் சார், "எல்லாருக்கும் கேக்குதா?" என்று கேட்டபோது, மற்ற பத்துப் பேரோடு சேர்ந்து அவரும் தலையை ஆட்டிவைத்தார்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில், அந்தக் காலத்தில் ரப்பர் பால் எடைபோட்ட ஸ்டோர் இன்னும் நிற்கிறது. நாலு பக்கமும் பாதிச் சுவர், மேலே தகரம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் சன்னாசியின் உருமி மேளக் குழு அங்கேதான் பழகும். நாலு உருமி, நாலு தவில், இரண்டு தப்பு, ஒரு பெரிய டிரம். பதினொன்றும் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒன்றாக முழங்கினால், அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். விவரம் தெரிந்த நாய்கள்.

சன்னாசிக்கு நாற்பத்தொன்பது வயது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாகத் தலை உருமி அவருடையது. தலை உருமி என்றால் எடுப்பதும் அவர், நிறுத்துவதும் அவர். லாரிக்கு முதலாளி ஒரு சீனர், வீட்டுக்கு முதலாளி மனைவி புஷ்பலதா. சன்னாசி சொல்லி நாலு பேர் கேட்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

போன வருடம் ஈப்போவில் நடந்த போட்டியில் குழு தோற்றது. நிமிடத்துக்கு நூறு அடி என்று எடுத்த தாளம், முடியும்போது நூற்று நாற்பதில் நின்றதாக நடுவர் சொல்லிவிட்டார். காவடிக்கு முன்னால் அது குறையே இல்லை. காவடிக்காரன் ஆட ஆட வேகத்தைக் கூட்டுவதுதான் பழக்கம், அப்போதுதான் அவனுக்கு அருள் வரும். போட்டி மேடையில் காவடிக்காரன் கிடையாது. நடுவருக்கோ எவ்வளவு வேகமாக அடித்தாலும் அருள் வருவதில்லை.

அதனால்தான் இந்த வருடம், பெரிய டிரம் அடிக்கிற தனேஸ்வரன் ஈப்போவிலிருந்து மதீசனை அழைத்து வந்தான். மதீசன் பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுப்பவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்துப் புழுதியிலும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு வருவார். அவர் போனில் ஒரு மெட்ரோனோம் இருந்தது. நூறு என்று வைத்தால் நிமிடத்துக்கு நூறு முறை தவறாமல் டிக், டிக் என்று அடிக்கும். அதை ஒரு கறுப்பு ஸ்பீக்கரோடு இணைத்து, நடுவில் நாற்காலி போட்டு வைத்தார். மேளத்துக்கு நடுவிலும் காதில் ஏற வேண்டும் என்று, சத்தத்தை ஊசி மாதிரிக் கூர்மையாக்கியிருந்தார்.

"தலை உருமி டிக்கை விடக் கூடாது அண்ணே," என்றார் மதீசன். "தலை தப்பினா எல்லாம் தப்பும். அதைப் பிடிக்க ஏலாத ஆள் தலையில நிக்கவே கூடாது."

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். சன்னாசி சுற்றுமுற்றும் பார்த்தார். தனேஸ் அடிக்கும்போது வலது காலால் தரையைத் தட்டுவான். இருபத்து மூன்று வயதுப் பையன், அவனுக்குக் கேட்காமல் இருக்குமா? அவன் காலைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று முடிவு செய்துகொண்டார்.

மூன்று ஞாயிறு இப்படியே ஓடியது. மூன்றாவது ஞாயிறு மதீசன் தான் பதிவு செய்ததைப் போட்டுக் கணக்குப் பார்த்து, தலையைச் சொறிந்தார். நூறில் தொடங்கி நூற்று முப்பத்தாறில் முடிந்திருந்தது.

"சிக்கிட்தானே சார் லாஜு ஆச்சு, கொஞ்சம் வேகம் கூடினா என்ன," என்றார் தவில்காரர் ராமையா.

"முப்பத்தாறு சிக்கிட் இல்ல அண்ணே. டிக் ஓடிக்கிட்டே இருக்கு. அப்புறமும் எப்படி லாஜு ஆகுது?"

"ஷர்மினிதான் சார் பின்னால இழுக்குது. அதைச் சரிக்கட்டத்தான் நாங்க தள்ளுறோம்."

குழுவில் ஒரே பெண் ஷர்மினி. கடைசி உருமி அவளுடையது. அவள் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மதீசன் அவளையும் பார்த்தார், ராமையாவையும் பார்த்தார். அடுத்த ஞாயிறு ஒவ்வொருவரும் டிக்கோடு தனித்தனியாக அடித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று சாப்பிடும்போது, அடுத்த ஞாயிறு தனியாக அடிக்க வேண்டும் என்று மட்டும் சன்னாசி சொன்னார். புஷ்பலதா புரிந்துகொண்டாள்.

"நம்ம டிவி எட்டு வீட்டுக்குக் கேக்குது. இதை எத்தனை நாளைக்கு மறைப்பீங்க? சார்கிட்ட சொல்லிருங்க."

"சொன்னா உருமியை வேற ஆளுகிட்டக் குடுக்கணும்."

"சொல்லாட்டி அவரே வாங்கிக் குடுத்துருவாரு லா."

அந்த வாரம் ஆலை வாசலில் லாரி வரிசையில் நின்றபோது, சன்னாசி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் போனிலும் அதே டிக்கைப் போட்டுப் பார்த்தார். இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது காதில் அழுத்தி வைத்தபோது, எங்கோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. பயமாக இருந்தது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்ததும் வண்டியை நகர்த்தினார். நல்லவேளை, ஹாரன் கேட்டது.

ஞாயிறு வந்தது. ஒரு முறை எல்லாரும் சேர்ந்து அடித்து முடித்ததும், மதீசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "தலை உருமியில இருந்து தொடங்குவமா?"

சன்னாசி உருமியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்தார்.

"சார், எனக்கு அது கேக்கல. முதல் நாள்ல இருந்தே கேக்கல. தனேஸ் காலைப் பார்த்துத்தான் அடிச்சேன். தலைக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க."

சொல்லி முடித்ததும் அழுகை வரும்போல இருந்தது. தனேஸ் மெல்ல முன்னால் வந்தான்.

"என் காலையா அண்ணே பார்த்தீங்க? நான் உங்க தோளைப் பார்த்துத்தானே காலைத் தட்டுனேன்."

"நான் தனேஸ் கையைப் பார்த்தேன்," என்றார் ராமையா, தவிலைப் பார்த்துக்கொண்டே.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பதினொரு பேரில் டிக்கைக் கேட்டு அடித்தது ஷர்மினி மட்டும்தான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிந்திவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று ஆளுக்கு ஒரு மயிரிழை முந்தியிருக்கிறார்கள். ஒழுங்காக அடித்தவளைத்தான் இழுக்கிறாள் என்று திட்டியிருக்கிறார்கள். ராமையாதான் முதலில் சிரித்தார். பிறகு ஸ்டோரே சிரித்தது. சன்னாசிக்குத் தலையில் இருந்த குலையை இறக்கி வைத்தது போல இருந்தது.

மதீசன் சிரிக்கவில்லை.

"மேளத்துக்கு நடுவில கேக்கலன்னா பரவாயில்ல. இப்ப எல்லாரும் சும்மா நில்லுங்க. கேக்குதான்னு பாப்பம்."

ஸ்பீக்கரைத் திருகினார். சன்னாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஷர்மினி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். முழுச் சத்தத்தில் ஓடுகிறது என்று அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இன்னும் போடலையா சார்?" என்றான் தனேஸ்.

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மதீசன் சத்தத்தை நிறுத்தினார்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா இவ்வளவு நல்லாக் கேக்குது?" என்று சன்னாசி ஷர்மினியிடம் கேட்டார்.

அவள் தயங்கித் தயங்கி, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். காதுக்குள் செருகிக்கொள்ளும் ஆரஞ்சு நிற நுரைப் பஞ்சு, இரண்டு.

"கிலாங்ல, ஃபேக்டரி மெஷின் சத்தத்துக்குக் குடுக்கிறது அண்ணே. இங்கயும் வச்சுக்குவேன். முடியை இழுத்து விட்டு மறைச்சுருவேன். நீங்க பார்த்தா பிடுங்கிருவீங்கன்னு பயம்."

பிடுங்கித்தான் இருப்பார். காதை அடைத்தவனிடம் உருமி பேசாது என்பது அவர் குழுவின் முதல் சட்டம். பஞ்சோடு வந்த எல்லாரிடமிருந்தும் முதல் நாளே தன் கையால் எடுத்து வெளியே எறிந்திருக்கிறார். எறியும்போது மற்றவர்கள் கைதட்டுவார்கள். தனேஸ் வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. அவன் அம்மா வைத்து அனுப்பிய பஞ்சு. அதையும் எடுத்து எறிந்தார், அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அதன் பிறகு எட்டு வருட மேளமும் அவன் வெறும் காதில்தான் விழுந்தது.

இனி தலை உருமியை யார் எடுத்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று சன்னாசிக்குத் தோன்றியது. நாலு வாரமாக அதற்காகப் பயந்து செத்ததை நினைக்கக் கேவலமாக இருந்தது. அவர் தனேஸின் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னை மன்னிச்சுக்கடா," என்றார். குரல் எழும்பவில்லை.

தனேஸ் குனிந்து காதைக் கொடுத்தான். "என்ன அண்ணே?"

சன்னாசி இன்னொரு முறை, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.